மண்டபம் ஜெர்மன் வகுப்பு: வேரைக் காட்டிச் சொல்லித் தருகிறார்

நர்ஸிங் முடித்துவிட்டு ஜெர்மனி வேலைக்காக மொழி படிக்க இடம் தேடும் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். மதுரையில் ரூம் எடுப்பதற்கு முன்னால், மண்டபம் ஊரில் ஒரு மாடியில் நடக்கும் இந்தச் சின்ன ஜெர்மன் வகுப்பைப் போய்ப் பாருங்கள். பாம்பனிலிருந்து பஸ்ஸில் போய், மொழித் தேர்வின் முதல் இரண்டு நிலைகளான ஏ1, ஏ2 இரண்டும் இங்கேதான் படித்தேன். இப்போது அடுத்த நிலையான பி1.

முதலில் ஒரு ஆன்லைன் வகுப்பில் பணம் கட்டியிருந்தேன். 'ஸைன்' என்ற வினைக்கு, அதாவது 'இருத்தலுக்கு', ஒரு அட்டவணை அனுப்பி மனப்பாடம் பண்ணச் சொன்னதோடு சரி. இஷ் பின் (நான் இருக்கிறேன்), டூ பிஸ்ட் (நீ இருக்கிறாய்), எர் இஸ்ட் (அவன் இருக்கிறான்), வியர் ஸிண்ட் (நாம் இருக்கிறோம்). இறந்தகாலம் 'வார்', முற்றுவடிவம் 'கெவேஸன்'. ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது.

மண்டபத்து சார் போர்டில் மூன்று பத்தி போட்டார். "இது ஒரு வினை இல்லம்மா, மூணு வினை சேர்ந்து ஒண்ணா ஆனது" என்றார். இஸ்ட், ஸிண்ட், ஸைன் ஒரு பத்தி. லத்தீனின் 'எஸ்ட்', சமஸ்கிருதத்தின் 'அஸ்தி' இதே வேர்தான். அந்த அஸ்திக்கு முன்னால் 'ந' சேர்ந்து வந்ததுதான் நாத்திகம். 'பின்', 'பிஸ்ட்' இரண்டிலும் முன்னால் நிற்கும் ஒலி இன்னொரு வேரிலிருந்து வந்தது. ஆங்கில 'பீ', லத்தீன் 'ஃபுயி', நாம் தினமும் சொல்லும் 'சம்பவம்' எல்லாம் அந்த வழி. வார், கெவேஸன் மூன்றாவது. அதன் பழைய பொருள் தங்குதல், வசித்தல். கிராமவாசியில் இருக்கும் 'வாசி' அதற்குச் சொந்தம்.

உடனே தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவன், "கெவேஸன்ல ஸ இருக்கு, வார்ல ர எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டான். அதற்காகவே அன்றைய மீதி நேரத்தை ஒதுக்கினார் சார். ஆதியில் அழுத்தம் எந்த அசையில் விழுந்தது என்பதைப் பொறுத்து ஸ் என்ற ஒலி ர் ஆக மாறியதை 1870களில் டென்மார்க்கின் கார்ல் வெர்னர் கண்டுபிடித்தாராம். ஆங்கிலத்தில் 'வாஸ்' (was), 'வேர்' (were) என இரண்டும் இன்னும் நிற்கின்றன. ஜெர்மனில் பன்மையின் ர் ஒருமைக்கும் பரவிவிட்டது. ஸ்பானியத்தில் இருத்தலுக்கே 'ஸேர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினை உண்டு, எஸ்தார் 'நில்' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது என்பதையும் போகிற போக்கில் சொன்னார். நாத்திகமும் சம்பவமும் தமிழுக்குக் கடனாக வந்தவை, நம்ம 'இரு' வேறு குடும்பம், குழப்பிக்கொள்ளக் கூடாது என்று அழுத்திச் சொன்னதும் எனக்குப் பிடித்தது.

பரீட்சையில் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள். ஆனால் அதன் பிறகு எழுதும்போது அந்த வினையில் எனக்குத் தடுமாற்றமே வரவில்லை.

குறையும் உண்டு. கேட்டல் பயிற்சி போதாது. ஒரே ஒரு பழைய ஸ்பீக்கர், ரோட்டில் லாரி போனால் அதுவும் கேட்காது. ஜெராக்ஸ் தாள்கள் மங்கல், எழுத்தின் மேல் இருக்கும் இரண்டு புள்ளி மறைந்துவிடுகிறது. புள்ளி இருந்தால் 'அழகான', இல்லாவிட்டால் 'ஏற்கெனவே' என்று பொருள் மாறும் சொற்கள் உள்ள மொழியில் இது சின்ன விஷயம் இல்லை. புத்தகத்தைக் காசு கொடுத்தே வாங்கிவிடுங்கள்.

ஃபீஸைத் தவணையாகக் கட்டலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளிடம் சார் பணமே கேட்பதில்லை, போட் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்கிறார். காலை பேட்ச்சில் சேருங்கள், மதியத்துக்கு மேல் அந்த மாடியில் ஷீட் சூடு தாங்காது. நர்ஸ் வேலைக்குப் பெரும்பாலும் பி1-க்கு அடுத்த பி2 கேட்கிறார்கள், அது இங்கே கிடையாது. பி1 வரைக்கும் தாராளமாக நம்பிச் சேரலாம்.