எண்பதில் ஒலிக்கும் மணி: ஒரு காரோடு சில ஆண்டுகள்

என் காரின் மீட்டர் பழுதாகி, உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டதால், சொந்தச் செலவில் புதியது மாற்ற வேண்டியதாயிற்று. எரிபொருள் முள் முதல் கதவு திறந்திருப்பதைக் காட்டும் விளக்கு வரை எல்லாம் சரியாகிவிட்டன; கூடவே, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும்போது வரும் எச்சரிக்கை ஒலியும் முன்பைவிடக் கூர்மையாகத் திரும்பி வந்திருக்கிறது. இதே மாடலில் பழைய வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கும் நண்பர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். எஞ்சின், மைலேஜ், டிக்கியின் அளவு ஆகியவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால், நாள்தோறும் என் பொறுமையைச் சோதிக்கும் இந்த ஒலியைப் பற்றி மட்டுமே சொல்கிறேன்.

இது இந்த நிறுவனத்தின் கண்டுபிடிப்பு அன்று. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் எல்லாக் கார்களிலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக், சீட் பெல்ட் நினைவூட்டல், பின்பக்கப் பார்க்கிங் சென்சார் ஆகியவற்றோடு வேக எச்சரிக்கையும் கட்டாயமாக்கப்பட்டது. 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும். 120-ஐத் தாண்டினால் ஓயாமல் ஒலிக்கும். என் வண்டியில் முதல் நிலை ஒலி நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது. நிறுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. கல்யாண வீட்டில் எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் "சாப்பிட்டாயிற்றா?" என்று நிறுத்திக் கேட்கும் பெரியப்பாவைப் போல, அக்கறை உண்மையானதுதான், ஆனால் நாம் சொல்லும் பதில் அதன் காதில் விழுவதே இல்லை.

என் எரிச்சல் ஒலியின் மேல் அன்று, அந்த ஒற்றை எண்ணின் மேல். 2018 ஏப்ரலில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை, விரைவுச்சாலைகளில் கார்களுக்கு 120, நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலைகளில் 100, நகராட்சி எல்லைக்குள் 70 என்று உச்ச வேகத்தை உயர்த்தியது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. இந்தச் சட்டப் போக்குவரத்தில் சாலையில் போகிறவனுக்கு மிஞ்சுவது ஓரத்தில் நிற்கும் பலகை மட்டுமே. அந்தப் பலகைகளோ, ஊர் வருமிடத்தில் 40 என்று சிவப்பு வட்டத்துக்குள் அறிவித்துவிட்டு, ஊர் முடிந்த பிறகு அந்தக் கட்டுப்பாடு நீங்கியதாகச் சொல்லும் வெள்ளைப் பலகையை நடுவதற்கு மறந்துவிடுகின்றன. விதியை அப்படியே மதிப்பவர் செங்கல்பட்டில் தொடங்கிய 40-ஐத் திண்டிவனம் வரை சுமந்துகொண்டு போக வேண்டியதுதான். இவற்றில் எதுவுமே காருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது 80 ஒன்றே. அதுவும் மீட்டர் காட்டும் 80. காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்பது விதியாதலால், கார்கள் பெரும்பாலும் சற்றுக் கூட்டியே காட்டுகின்றன. கைப்பேசி வரைபடத்தில் 76 என்று இருக்கும்போதே என் வண்டி கண்டிக்கத் தொடங்கிவிடும்.

இந்த ஒலி எப்போது வருகிறது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் சுமை லாரிகள் வலது தடத்திலேயே அறுபதுக்குக் கீழான வேகத்தில் நிதானமாக நகர்ந்துகொண்டிருக்கும். ஓட்டுநர்களைத் திட்டுவது எளிது. ஆனால் இடது தடத்தின் ஓரத்தில் நின்று ஆளேற்றும் பேருந்தும், நடுத் தடுப்பின் இடைவெளி வரை போய்த் திரும்பச் சோம்பல்பட்டு எதிர்த்திசையிலேயே வரும் இருசக்கர வாகனமும், சர்வீஸ் சாலையிலிருந்து திரும்பிப் பார்க்காமல் ஏறும் டிராக்டரும் இருக்கும்போது, பாரம் ஏற்றிய வண்டிக்கு வலது தடமே பாதுகாப்பு என்று அவர்கள் முடிவு செய்ததில் தர்க்கம் இருக்கிறது. விளைவு என்னவென்றால், முந்துவதற்கென்று அமைந்த தடம் அடைபட்டு, முந்துகிறவர் எல்லாரும் இடப்பக்கமாக நுழைகிறார்கள். லாரி வலது இண்டிகேட்டரைப் போட்டால் அது வலப்புறம் திரும்பப் போகிறதா, "முந்திக்கொள்" என்று அனுமதிக்கிறதா, அல்லது அணைக்க மறந்துவிட்டதா என்பதை அதன் பின்னால் போகிறவர் ஊகித்தே தீர்க்க வேண்டும். அப்படி ஊகித்து, கியரைக் குறைத்து, எதிரில் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, லாரியின் பின்சக்கரத்துக்கு இணையாக நான் வரும் அந்தச் சில நொடிகளில், வேகம் இயல்பாகவே 80-ஐத் தொடும். மணி அடிக்கும். பக்கத்து வண்டியைக் கூடிய விரைவில் கடந்துவிடுவதே பாதுகாப்பான அந்த இடத்தில், காலைத் தூக்கச் சொல்லி ஒரு குரல் காதுக்குள் வந்து விழுகிறது.

மறுபக்கம், நகரத்துக்குள் அது வாயே திறப்பதில்லை. சென்னையில் 2023 நவம்பரில் திருத்தியமைக்கப்பட்ட வரம்பின்படி கார்களுக்கு 60, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30. பள்ளிக்கூடம் இருக்கும் தெருவில் ஒருவர் 70-இல் பாய்ந்தாலும் கார் அவரை நல்ல ஓட்டுநராகவே கருதும். 2008-இல் திறக்கப்பட்ட கத்திப்பாரா சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் போக வேண்டியவர் சந்திப்பைக் கடந்து, இடப்பக்கமாக ஒரு வளைவுக்குள் நுழைந்து சுற்றிவர வேண்டிய அமைப்பு அது. ஒரு வளைவிலிருந்து வெளியேறுகிறவரும் அடுத்த வளைவுக்குள் நுழைகிறவரும் ஒரே குறுகிய நீளத்தில் ஒருவரை ஒருவர் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். புதிதாக வருகிறவர் பலகையைப் படித்து முடிப்பதற்குள் வளைவு கடந்துபோயிருக்கும். உடனே நடுத்தடத்தில் பிரேக் போட்டு நின்று யோசிப்பார். நேராகப் போகிறேன் என்பதற்கு நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு வருகிறவர் ஒருவர் அவருக்குப் பின்னால் இருப்பார். எச்சரிக்கை மிகவும் வேண்டியிருக்கும் இந்த இடத்தில் என் காரின் மணிக்கு வேலையே இல்லை, ஏனெனில் யாரும் ஐம்பதைக்கூடத் தொடுவதில்லை.

ஆயினும் நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் சாலை நீண்டு விரியும்போது, முன்பெல்லாம் நூறுக்கு மேல் தானாகவே ஏறிவிடும் என் கால், இப்போது 78-இல் நின்றுகொள்ளப் பழகிவிட்டது. பெட்ரோல் செலவில் அந்த வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. எதிர்பாராத பலன் வேறொன்றும் உண்டு. முன்பு பின்னிருக்கையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஊர் வரை வந்த என் அம்மா, மணி அடிக்காதவரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற நம்பிக்கையில் மேல்மருவத்தூர் வருவதற்குள் தூங்கிவிடுகிறார். அடித்தால் கண்ணைத் திறக்காமலேயே "எதுக்குப்பா அவசரம்?" என்கிறார். அந்தக் கேள்விக்கு இதுவரை என்னிடம் பதில் இருந்ததில்லை.

மீட்டர் மாற்றியபோது, ஒலியையும் அடக்கித் தரவா என்று அங்கிருந்த மெக்கானிக் கேட்டார். சீட் பெல்ட் போடாமலேயே அதன் ஒலியை நிறுத்துவதற்கான போலிக் கொக்கிகள் இணையத்தில் விற்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவற்றை நீக்குமாறு ஐந்து விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது நினைவுக்கு வந்தது. அந்த வரிசையில் போய் நிற்க எனக்கு மனமில்லை. புது மீட்டரின் விலையைக் கொடுத்த கையோடு அதைப் பிரித்துப் பார்க்கும் துணிவும் இல்லை. வேண்டாம் என்றேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் புதுக் கார்கள் எல்லாம், சாலையோரப் பலகையையோ வரைபடத்தையோ படித்து அந்தந்த இடத்து வரம்பின்படி எச்சரிக்க வேண்டும். ஓட்டுநர் அதை அணைத்துவைக்கலாம்; மறுபடி வண்டியைக் கிளப்பும்போது அது தானாக விழித்துக்கொள்ளும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை இங்கே கொண்டுவந்தால், படிப்பதற்கு முதலில் பலகை இருக்க வேண்டும். இருக்கும் பலகையின் மேல் பிறந்தநாள் வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டாமல் இருக்க வேண்டும்.

ஆக, வண்டி நல்ல வண்டி. பெரிய செலவு என்று வைத்தது அந்த மீட்டர் ஒன்றுதான். ஒலியும் யோசித்துப் பார்த்தால் எனக்கு நன்மையே செய்திருக்கிறது. இருந்தும் நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றே எழுதினேன். எழுதிய அன்று விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதிலிருந்து ஒரு டேங்கர் லாரியின் பின்னால் சிக்கி, முந்த முயலும் போதெல்லாம் அந்த மணியைக் கேட்டுவிட்டு வீடு வந்திருந்தேன். எந்த நிறுவனத்தின் காரை வாங்கினாலும் அதே ஒலிதானே வரும், 2019-க்கு முந்தைய வண்டியைத்தான் தேட வேண்டுமா என்று அவர் நியாயமாகவே கேட்டார். அப்படியே தேடுங்கள் என்றேன். அவ்வளவு வெறுப்பு இருந்தால் உங்கள் வண்டியை எனக்கே கொடுத்துவிடுங்களேன் என்றார். அது விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன்.