சுற்றும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது: ரோட்டரி எஞ்சினுடன் நெடுநாள் அனுபவம்

டொரோண்டோவில் பல குளிர்காலங்களாக 2004ஆம் ஆண்டின் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரை ஓட்டி வருகிறேன். பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும், 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9,000 சுற்று) வரை தயங்காமல் ஏறும் அதன் ரோட்டரி எஞ்சினைப் பற்றி எவ்வளவோ எழுதலாம். ஆனால் இந்தக் காரை வைத்திருப்பவர்களையும் வாங்க நினைப்பவர்களையும் அதிகம் கலங்கவைக்கும் ஒரு சிக்கலுக்காகவே இதை எழுதுகிறேன். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும். எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. பிஸ்டன் எஞ்சினில் பழகிய மெக்கானிக் இந்த நிலையில் பெட்ரோல் பம்பையோ, பிளக்கில் பொறி வரவைக்கும் காயிலையோ மாற்றத் தொடங்கிவிடுவார். ரோட்டரியில் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அடம்பிடிக்கிறதா, சூடாக இருக்கும்போதா? இரண்டும் வெவ்வேறு நோய்கள். முதலாவது பெரும்பாலும் ஒரே நாளில் தீர்ந்துவிடும், இரண்டாவது பெரும்பாலும் எஞ்சினைப் பிரிப்பதில் முடியும்.

இதைப் புரிந்துகொள்ள எஞ்சினின் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்எக்ஸ்-8 காரில் உள்ள ரெனெசிஸ் எஞ்சினில் இரண்டு ரோட்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றின் கொள்ளளவும் 654 சிசி. வால்வே கிடையாது. முக்கோண வடிவிலான ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகங்கள். அதன் மூன்று முனைகளில் அபெக்ஸ் சீல்களும் பக்கங்களில் சைடு சீல்களும் இருந்து அறைகளை அடைத்து நிற்கின்றன. மெல்லிய உலோகப் பட்டைகளான இந்தச் சீல்கள் ஓர் எண்ணெய்ப் படலத்தின் துணையோடுதான் காற்றைக் கசியவிடாமல் பிடிக்கின்றன. அதற்காகவே ஒரு சிறிய பம்பு எஞ்சின் ஆயிலை அளந்து உள்ளே செலுத்திக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அது சூடாவதற்குள் நிறுத்திவிட்டால், ஸ்டார்ட் ஆவதற்காகத் தாராளமாகத் தெளிக்கப்பட்ட பெட்ரோல் எரிந்து முடியாமல் உள்ளேயே தங்கி, அந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அடுத்த முறை சாவியைத் திருப்பும்போது கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் உருவாகும் அழுத்தம், குறைவாக இருப்பதால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. திருப்பத் திருப்ப இன்னும் பெட்ரோல் சேரும், கம்ப்ரஷன் இன்னும் குறையும். ஃப்ளட்டிங் என்று ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

என் கார் ஃப்ளட் ஆனது பனிக்கால டயர் மாற்றக் கொடுத்திருந்த ஒரு கடையில். குளிர்ந்து கிடந்த காரைப் பட்டறைக்குள்ளிருந்து வெளியே முற்றத்துக்கு நகர்த்தி, உடனே நிறுத்தியிருக்கிறார்கள். வேறு எந்தக் காருக்கும் அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் சென்று சாவியைத் திருப்பியபோது கேட்ட ஒலியே காரணத்தைச் சொல்லிவிட்டது. நல்ல நிலையிலுள்ள ரோட்டரி, சுற்றும்போது ஒரே சீராக விட்டுவிட்டுத் துடிக்கும். அன்று அந்தத் துடிப்பே இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக, வழவழவென்று சுழன்றது. உள்ளே அழுத்தம் இல்லாததால் ஸ்டார்ட்டருக்குத் தடையில்லை என்பதே அதன் பொருள். இந்த ஒலியைக் காதில் பதித்து வைத்துக்கொள்வதை எந்தக் கருவியைவிடவும் மேலாக மதிக்கிறேன். அந்தத் துடிப்புகளில் ஒன்று மட்டும் சுற்றுக்குச் சுற்று தவறாமல் விடுபடுவதாகக் கேட்டால், ஒரு முகத்தின் சீல் போயிருக்கலாம் என்று அஞ்ச வேண்டும். அது பெட்ரோலை வெளியேற்றுவதால் சரியாகாது.

ஃப்ளட் ஆன எஞ்சினை மீட்பதற்கு முதல் வழி, ஆக்சிலரேட்டரைத் தரை வரை அழுத்திக்கொண்டு சுற்றுவது. ஆர்எக்ஸ்-8 காரின் கணினி அந்த நிலையில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை மூடிவிடும். காற்று மட்டும் உள்ளே சென்று பெட்ரோலை வெளியே தள்ளும். ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்கு மேல் சுற்றாமல், இடையில் ஸ்டார்ட்டர் ஆற இடம் கொடுக்க வேண்டும். அதிலும் கேட்கவில்லையென்றால் இடது முன்சக்கரத்தைக் கழற்றி, அந்த வழியாக நான்கு பிளக்குகளையும் எடுக்க வேண்டும். பெட்ரோல் பம்பின் ஃப்யூஸை எடுத்து, காயில்களின் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் பிளக் இல்லாமல் எஞ்சினைச் சுற்ற வேண்டும். துளைகளிலிருந்து பெட்ரோல் பீய்ச்சியடிக்கும் வேளையில் அருகில் ஒரு பொறி பறந்தாலும் ஆபத்து என்பதால் இதில் சிறிதும் அலட்சியம் கூடாது. பிறகு துளை வழியாகச் சிறிதளவு எஞ்சின் ஆயிலை ஊற்றிச் சுற்றினால் சீல்கள் மீண்டும் பிடிப்புப் பெறும், அந்தத் துடிப்பும் திரும்பக் கேட்கும். உலர்ந்த பிளக்குகளைப் பொருத்தும்போது கீழே உள்ளவை லீடிங் (முதலில் பொறி தருபவை), மேலே உள்ளவை டிரெய்லிங் (அடுத்துப் பொறி தருபவை) என்பதை மறக்கக் கூடாது. இரண்டின் வெப்பத் தாங்குதிறனும் வேறு என்பதால் மாற்றிப் போடக் கூடாது. முழுதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரி இல்லாமல் இவ்வளவும் செய்து பயனில்லை, ஏனென்றால் மெதுவாகச் சுற்றும் ரோட்டரியில் கம்ப்ரஷனே உருவாகாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடங்களுக்கு அடர்த்தியான வெண்புகை வரும். ஊற்றிய ஆயில் எரிகிறது, அவ்வளவுதான்.

பிளக்குகளை வெளியே எடுக்கும்போது அவை உலர்ந்திருந்தால் கதை வேறு. அப்போது பெட்ரோலே வரவில்லை. பம்பின் ஃப்யூஸ், ரிலே, எரிபொருள் அழுத்தம் என்று போக வேண்டும். சுற்றும்போது, காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் ஆர்பிஎம் சுழியமாகவே இருந்தால், எஞ்சினின் முன்புறக் கப்பிக்கு அருகிலுள்ள எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டர்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) சென்சாரையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். பிளக் ஈரமாக இருந்து பொறி மட்டும் மங்கலாக இருந்தால் காயில்களைச் சந்தேகிக்கலாம். ஏறக்குறைய 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நான்கு காயில்களையும் மாற்றிவிடுவதை நான் செலவாகக் கருதுவதில்லை. பழுதான காயிலோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் உட்புறத்தை உருக்கி அடைத்துவிடும். புகை வெளியேற வழியில்லாத எஞ்சின் பிறகு சரியாக ஸ்டார்ட்டும் ஆகாது, ஓடவும் ஓடாது.

சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் போவதுதான் உண்மையில் கவலைக்குரியது. நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிய கார், பெட்ரோல் போட நிறுத்திவிட்டுத் திருப்பும்போது நீண்ட நேரம் சுற்றி, தட்டுத்தடுமாறி ஸ்டார்ட் ஆனால், அல்லது ஆறும் வரை ஸ்டார்ட்டே ஆகாவிட்டால், சீல்கள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். வேகமாகச் சுற்றும் புதிய வகை ஸ்டார்ட்டரைப் பொருத்தினால் சில காலம் ஓட்டலாம், ஆனால் தேய்மானம் நிற்காது. உறுதிசெய்யக் கம்ப்ரஷன் சோதனை ஒன்றே வழி. சாதாரண அளவுமானி மூன்று முகங்களில் உயர்ந்த அழுத்தத்தை மட்டும் பிடித்துவைத்துக் காட்டுவதால், பழுதான முகத்தை அது மறைத்துவிடும். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று எண்களையும் சுழலும் வேகத்தையும் சேர்த்துத் தரும் ரோட்டரிக்கான கருவியே வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் 250 ஆர்பிஎம்முக்குக் கணக்கிட்டால், புதிய எஞ்சினுக்கு 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்ச எல்லை 680 என்பது தயாரிப்பாளரின் அளவு. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 150க்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. பழைய ஆர்எக்ஸ்-8 வாங்குபவர் இந்த ஆறு எண்களைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்து, குளிர்ந்த நிலையில் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடமும், சூடான பிறகு நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்யத் தயங்குபவரிடமும் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை.

என் காரின் எண்கள் இன்னும் எல்லைக்கு மேலேயே இருக்கின்றன. ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் வெப்பநிலை முள் நடுவுக்கு வந்த பிறகே நிறுத்துவது, பனியை வழிப்பதற்காக இரண்டடி நகர்த்துவதானாலும் இதைக் கடைப்பிடிப்பது, ஆயில் அளவை அடிக்கடி பார்த்து நிரப்புவது ஆகியவை இந்தக் காருக்கு எரிபொருளைப் போலவே கட்டாயம். ஃப்ளட் ஆகி மீண்ட எஞ்சினில் ஆயிலை உடனே மாற்றிவிட வேண்டும். கழுவிச் சென்ற பெட்ரோலில் ஒரு பங்கு ஆயிலோடும் கலந்திருக்கும், ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்து முகர்ந்தாலே அது தெரிந்துவிடும்.