டிவி வால்வில் பாட்டு: பிசிஎல்86 வைத்து ஆம்ப்ளிஃபயர் கட்டிய அனுபவம்

வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன் இருந்த கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் கட்ட நினைப்பவர்கள் நேராக இஎல்84, இஎல்34 என்ற பிரபலமான வால்வுகளுக்குத்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான் தேடினேன், நல்ல ஜோடிக்குக் கேட்கும் விலையைப் பார்த்த பிறகுதான் பிசிஎல்86 பக்கம் திரும்பினேன்.

ஐரோப்பாவின் பழைய டிவிகளில் ஒலிப் பகுதிக்காக வந்த வால்வு இது. பெயரைப் பிரித்தாலே விஷயம் தெரிந்துவிடும்: பி என்றால் 300 மில்லிஆம்பியர் ஹீட்டர் (வால்வைச் சூடேற்றும் இழை), சி டிரையோடு (சிறிய சிக்னலைப் பெருக்கும் பகுதி), எல் பவர் பென்டோடு (ஸ்பீக்கரை ஓட்டும் பகுதி), எண் 8-இல் தொடங்கினால் ஒன்பது பின் நோவல் சாக்கெட். ஆடியோக்காரர்கள் தேடித் தேடி வாங்கும் இசிஎல்86-தான் இதுவும், ஹீட்டர் மட்டும் 6.3 வோல்ட்டுக்குப் பதில் 13.3 வோல்ட். அதனாலேயே பலர் இதைத் தொடுவதில்லை.

அந்த ஹீட்டர் சிக்கல் ஒரு சிக்கலே இல்லை. டிரான்ஸ்பார்மர் சுற்றுபவரிடம் 13.3 வோல்ட்டுக்குத் தனியாக ஒரு கம்பிச் சுற்று போடச் சொன்னேன், முடிந்தது. கடையில் கிடைக்கும் 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் ஓட்ட வேண்டாம், கேத்தோடு (எலக்ட்ரான்களை வெளிவிடும் பகுதி) சரியாகச் சூடேறாது.

டிரையோடும் பென்டோடும் ஒரே கண்ணாடிக்குள் இருப்பதால் ஸ்டீரியோவுக்கு மொத்தமே இரண்டு வால்வு போதும். பென்டோடுக்கு 250 வோல்ட், 36 மில்லிஆம்பியர், 7 கிலோ ஓம் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் (வால்வை ஸ்பீக்கரோடு இணைப்பது), கேத்தோடில் 170 ஓம் ரெசிஸ்டர் (நான் 180 போட்டேன்). சேனலுக்கு சுமார் 4 வாட் வரும். குறைவாகத் தெரியலாம், ஆனால் 90 டெசிபலுக்கு மேல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் இருந்தால் ஒரு அறைக்குத் தாராளம்.

வீணையைப் போட்டுக் கேட்டேன். தந்தியை இழுத்துக் கமகம் வாசிக்கும்போது ஒலி ஓய்கிற அந்தக் கடைசி இழை வரை தெளிவாகக் கேட்டது, எனக்கு அது போதும். மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத்துத் தாழ்ந்த ஒலி) மட்டும் கொஞ்சம் மெலிந்துதான் வந்தது, காரணம் நான் போட்ட அவுட்புட் டிரான்ஸ்பார்மர் சிறியது. அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாங்குவதில்தான் கவனம் வேண்டும். எனக்கு வந்த நான்கில் ஒன்றின் உச்சியில் வெள்ளிப் பூச்சு இருக்க வேண்டிய இடம் பால் போல வெளுத்திருந்தது. காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம், அப்படியே தூக்கிப் போட வேண்டியதுதான். இன்னொன்றைப் பென்சிலால் மெதுவாகத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி 'டிங்' என்றது, அதிர்வையும் ஒலியாக்கிவிடும் கோளாறு அது. அதனால் இரண்டு தேவையென்றால் நான்காக வாங்குங்கள், சாக்கெட்டில் போடும் முன் உச்சியைப் பாருங்கள். அப்புறம், ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 250 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அதை வடிய விடும் பிளீடர் ரெசிஸ்டர் போட்டு, மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகே உள்ளே கை வையுங்கள்.