கேமா, நாவலா? கோபி பஸ்ஸில் எழுந்த வழக்கு

கோபியிலிருந்து ஈரோடு வரும் வரை அக்கா மகள் போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "எந்நேரமும் கேமு" என்று அக்கா சலித்துக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். திரை நிறைய எழுத்து. பத்தி முடிகிற இடத்தில் மூன்று வழிகள். ஒன்றைத் தொட்டால் கதை அந்தப் பக்கம் போகும்.

"படிச்சுட்டுத்தான கண்ணு இருக்கற?" என்றேன்.

"இல்லீங் மாமா, இது கேமுங்க."

வெறும் பெயர்தானே என்று விட மனம் வரவில்லை. கேம் என்றால் பிள்ளைக்குத் திட்டு. நாவல் என்றால் புத்தகத் திருவிழாவில் நாமே காசு கொடுத்து வாங்கித் தருவோம்.

கேம் என்பவர்கள் கையில் சான்று இருக்கிறது. கணினி கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில், இப்படி வழி தேர்ந்து படிக்கிற கதைகள் கேம்களோடுதான் விற்பனை. அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் நெபுலா விருதில் கேம் எழுத்துக்கென்று ஒரு பிரிவு தொடங்கியபோது, 2019இல் அதன் முதல் விருது பார்வையாளரே வழி தேர்ந்தெடுக்கும் நெட்ஃபிளிக்ஸ் படமான 'பேண்டர்ஸ்னாட்ச்'சுக்குப் போனது. சாய்ஸ் ஆஃப் கேம்ஸ் நிறுவனத்தின் கதைகள் பலவற்றில் நாயகனின் துணிச்சல், சாமர்த்தியம் எல்லாம் எண்களாக ஏறி இறங்கும். எண் கண்ணில் பட்டுவிட்டால் எது சரி என்ற யோசனை போய், எதைத் தொட்டால் எண் ஏறும் என்ற கணக்கு வந்துவிடுகிறது. அவற்றைக் கேம் என்றே நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மற்றவற்றை ஒப்ப முடியாது. நம்மூர் ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு. கோடும் காயும் கண் முன்னால் கிடக்கின்றன. நகர்த்தும் முன்பே எது வெட்டுப்படும் என்று தெரியும். கதையில் அப்படித் தெரியாது. இந்த ஆள் இந்த நேரத்தில் பொய் சொல்வானா என்று, அதுவரை அவனைப் புரிந்துகொண்டதை வைத்துத்தான் தொடுகிறோம். அது வாசிப்பு. 80 நாளில் உலகைச் சுற்றி வரும் கதையான இங்கிள் நிறுவனத்தின் '80 டேஸ்' (2014), கெடு நாள் தவறினாலும் நம்மை வெளியே தள்ளாது, பயணம் தொடரும்.

தாளில் இருந்தபோது இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக எழவில்லை. 1979இல் அமெரிக்காவில் பாண்டம் பதிப்பகம் 'சூஸ் யுவர் ஓன் அட்வெஞ்சர்' வரிசையைத் தொடங்கியது. இன்ன முடிவு என்றால் இன்ன பக்கத்துக்குப் போ என்ற அதே வடிவம். விற்றது புத்தகக் கடையில். போனுக்கு வந்ததும் புத்தகம் எப்படிக் கேம் ஆகும்?

வாசகர் கை வைத்தாலே நாவல் இல்லை என்ற வாதமும் எனக்கு ஏறவில்லை. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பிகளின் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடும்போது, அவர்கள் போரில் மாள்வதைக் காட்டும் படுகளத்தில் கேட்பவர்களே அருள் வந்து விழுகிறார்கள், பிறகு எழுப்பப்படுகிறார்கள். அதனால் கதை கதை அல்லாமல் போய்விட்டதா?

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. பொன்னரும் சங்கரும் மாளும் இடத்தில் ஊரே சேர்ந்து அழும். இங்கே ஆளுக்கொரு முடிவு. சேர்ந்து அழ ஒரே இடம் கிடையாது.

'80 டேஸ்'ஸை இருவரும் ஒரே நாளில் லண்டனில் தொடங்கினோம். அவள் இஸ்தான்புல் தாண்டிவிட்டாள், நான் இன்னும் பாரிஸில். ராத்திரி போன் போட்டு, "அங்க என்னாச்சுங் மாமா?" என்று கேட்கிறாள்.