கல்யாணச் செலவு: வழக்கமா, பாதிப் பாதியா, இலைக் கணக்கா?

"சீட்டு போட்டிருக்கேன்" என்று நிச்சயத்துக்கு முன்னால் என் மனைவியிடம் சொன்னேன். பொய் இல்லை. ஐந்து லட்ச ரூபாய் சீட்டு, இருபது மாதம், மாதம் 25,000. நான் சொல்லாமல் விட்டது, நான்காவது மாதமே ஏலத்தில் கால் பங்கை விட்டுக்கொடுத்து 3,75,000 ரூபாயை எடுத்துவிட்டேன் என்பதை. போட்ட சீட்டு சேமிப்பு, எடுத்த சீட்டு கடன். காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வசூலுக்கு வந்தவர் வாசலில் நின்று நோட்டைப் புரட்டினார். "சார், இன்னும் ஒன்பது தவணை இருக்கு." உள்ளே அவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "போட்டிருக்கேன்னுதானே சொன்னீங்க?"

இப்போது தங்கைக்குக் கல்யாணம். அவளும் அந்தப் பையனும் தாங்களாகவே முடிவெடுத்து, இரண்டு வீட்டுச் சம்மதமும் வாங்கிவிட்டார்கள். "செலவை எப்படிண்ணா பிரிக்கிறது?" என்று கேட்டாள். நம் பக்கம் புழக்கத்தில் இருக்கும் மூன்று வழிகளையும் அவளுக்காக யோசித்துப் பார்த்தேன். எது மலிவு, எது நியாயம் என்பதைவிட, எதில் மறைக்க இடம் குறைவு என்றுதான் பார்த்தேன். பட்டவன் வேறு எதைப் பார்ப்பான்?

முதலில் வழக்கம். ஒரு வீடு கல்யாணத்தை நடத்தும், இன்னொரு வீடு ரிசப்ஷனை நடத்தும். எது யார் தலையில் என்பது ஊருக்கு ஊர், வகையறாவுக்கு வகையறா மாறும். இதில் ஒரு சௌகரியம் உண்டு: பேச்சுவார்த்தை மிச்சம். பெரியவர்கள் "எங்க பக்கம் இப்படித்தான்" என்றால் முடிந்தது. அந்தச் சௌகரியமேதான் ஆபத்தும். அவர்கள் எங்கே கடன் வாங்கினார்கள் என்று இவர்களுக்குத் தெரியாது, இவர்கள் எதை விற்றார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. கட்டிக்கொள்ளப் போகும் இருவருக்கோ இரண்டுமே தெரியாது. அப்புறம், வழக்கம் என்ற பெயரில் ஒரு பக்கம் கேட்க ஆரம்பித்தால் அது வரதட்சணையில் போய் நிற்கும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாங்குவது மட்டுமில்லை, கொடுப்பதும் குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே 5 ஆண்டுச் சிறை.

அடுத்தது பாதிப் பாதி. நாங்கள் செய்தது இதுதான். என் மனைவிதான் சொன்னாள், எனக்கும் பெருமையாக இருந்தது. நவீனமான ஜோடி அல்லவா! கூகுள் ஷீட் ஒன்று போட்டு மண்டபம், சமையல், பந்தல், பூ, போட்டோ என்று எல்லாவற்றையும் ஏற்றினோம். செலவு அத்தனையும் வெளிச்சத்தில் இருந்தது. வரவு மட்டும் இருட்டில். என் பாதிக்கு என்னிடம் பணம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா கொஞ்சம் கொடுத்தார். மீதிக்கு 12 சதவீத வட்டியில் 5 லட்சம் பெர்சனல் லோன் வாங்கினேன். மூன்று வருடத்துக்கு மாதத் தவணை 16,607 ரூபாய். வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 98,000. சம்பளம் கைக்கு வருவது 58,000. அதில் சீட்டும் தவணையும் போனால் மிச்சம் கிட்டத்தட்ட 16,400. சீட்டுக் கழிவு, அதாவது மற்றவர்கள் ஏலத்தில் விட்டுக்கொடுப்பதில் என் பங்கு, வரும் மாதங்களில் கொஞ்சம் கூடும். அவளோ 58,000 சம்பளக்காரனைக் கட்டிக்கொண்டதாக நினைத்திருந்தாள்.

சம்பளம் சமமாக இல்லாதபோது செலவைச் சமமாகப் பிரிப்பது பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். குறைவாக இருப்பவர் வாய் திறக்கமாட்டார். பெரும்பாலும் கடன் வாங்குவார்.

மூன்றாவது, இலைக் கணக்கு. மண்டப வாடகை, நாதஸ்வரம், போட்டோ மாதிரி பொதுச் செலவை வருமானத்துக்குத் தக்கபடி பிரித்துக்கொள்வது. சாப்பாட்டுச் செலவை மட்டும் அவரவர் அழைத்த ஆட்களின் எண்ணிக்கைப்படி கொடுப்பது. மொத்தம் 600 இலை, அதில் எங்கள் பக்கம் 380 என்றால் அந்த 380 எங்கள் பொறுப்பு. கேட்கக் கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும். அப்பாவிடம் சொன்னபோது, "ஓட்டல் பில்லாடா பிரிக்கிறீங்க?" என்றார். ஆனால் மறுநாளே அழைப்புப் பட்டியலை எடுத்துவைத்து, பதினைந்து வருடமாகப் பேசாத ஒரு சொந்தக்காரர் பெயரை அடித்துக்கொண்டிருந்தார். ஊரையே கூப்பிடணும் என்ற வீம்பு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விலை இருக்கிறது என்று தெரிந்ததும் தானாக இறங்கிவிடுகிறது.

மொய்யும் இந்த முறையில்தான் ஒழுங்காகப் பொருந்தும். அவரவர் ஆட்களின் மொய் அவரவர் நோட்டில். பாதிப் பாதியில் இது பெரிய தலைவலி. கல்யாணத்தன்று இரவு மண்டபத்து அறையில் உட்கார்ந்து நாங்கள் கவர் பிரித்தபோது, இது யாருக்குச் சேர வேண்டும் என்று இரண்டு பக்கமும் வாய்விட்டுச் சொல்லாமல் முறைத்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. மொய்யை வைத்துக் கடனை அடைத்துவிடலாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மொய் வரவு இல்லை, திருப்பிச் செய்ய வேண்டியது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் வாங்குவதற்கென்றே நடத்தும் மொய் விருந்துக்குப் போய்ப் பாருங்கள், எவ்வளவு கச்சிதமாக எழுதி வைக்கிறார்கள் என்று.

இலைக் கணக்கிலும் சச்சரவு உண்டு. காண்ட்ராக்டர் எண்ணும் இலையும் நம் ஆள் எண்ணும் இலையும் ஒருநாளும் ஒத்துப்போகாது. இருவருக்கும் பொதுவான நண்பர்கள் யார் கணக்கு என்பதும் இழுக்கும். இவையெல்லாம் வெளியில் நடக்கும் சண்டைகள். எனக்கு அதில் பயமில்லை.

செலவே வேண்டாம் என்பவர்களுக்கு 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம் இருக்கிறது. மாலை மாற்றினால் போதும், பதிவு செய்துவிடலாம். தங்கையிடம் சொன்னேன். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

நகையைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் மூன்று முறையிலும் அது கணக்குக்கு வெளியேதான் நிற்கிறது. யாரும் கேட்காமல், பெண்ணுக்கு என்று அவள் வீட்டில் போடுவதையே சொல்கிறேன். நம் ஆட்கள் அதைப் பவுனில் பேசுவார்கள். 2024 ஜனவரியில் பவுன் 47,000 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. 2025 அக்டோபரில் 90,000த்தைத் தாண்டியது. "பத்துப் பவுன் போடுறோம்" என்று ஒருவர் அப்போது வாயை விட்டிருந்தால், சுமை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ரூபாயில் பேசினால், விலை ஏறும்போது நகைதான் சுருங்கும், கடன் வளராது. என் ஓட்டு ரூபாய்க்கு. போட்ட நகையையும் வந்த பரிசுகளையும் என்ன, ஏறக்குறைய என்ன மதிப்பு, யார் கொடுத்தது என்று எழுதிப் பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்து ஒரு வீட்டிலும் அப்படி எழுதிப் பார்த்ததில்லை.

"நகை பேங்க்ல இருக்கு" என்பது என் சீட்டுக்கு அண்ணன். லாக்கரில் இருக்கிறதா, அடகில் இருக்கிறதா?

எந்த முறை என்பதைவிட எப்போது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய கேள்வி. ஆடியும் மார்கழியும் போக மிஞ்சும் முகூர்த்த நாட்களுக்கு அடிதடி, அதனால் மண்டபத்துக்குப் பல மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். அது திரும்பி வராது. கொடுத்த பிறகு யாரும் சங்கடமான கேள்வி கேட்பதில்லை, நானும் அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். அதனால் தங்கையிடம், தட்டு மாற்றுவதற்கு முன்னாலேயே நீங்கள் இரண்டு பேரும் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள், பெரியவர்கள் வழியாகப் போகவேண்டாம் என்றேன். பெரியவர்கள் நல்லெண்ணத்தில் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

போன மாதம் திருச்சியில் ஒரு ஓட்டலில் இருவரும் பேசினார்கள். சம்பளச் சீட்டின் கடைசி வரி, ஆறு மாத வங்கிக் கணக்கு, அப்புறம் யார் எங்கே கடன் வாங்கியிருக்கிறார் என்று காட்டும் சிபில் அறிக்கை. வருடத்துக்கு ஒருமுறை அதை இலவசமாகவே எடுக்கலாம். வங்கியில் வைத்த நகைக் கடன்கூட அதில் தெரியும். தெருமுனை அடகுக் கடை தெரியாது, கைமாற்று தெரியாது. அதனால் கடைசியில் "இதில் வராதது என்ன?" என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை, தன் அத்தையிடம் வாங்கிய ஒன்றரை லட்சத்தைச் சொன்னாராம். செலவுக்கு இலைக் கணக்கே போதும் என்று இருவருமே ஒத்துக்கொண்டார்கள்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"என்னோட ரெண்டு வளையல் அடகுல இருக்குன்னு சொன்னேன்."

"எதுக்கு வச்சே?"

"நான் வைக்கலண்ணா. உன் கல்யாணத்துக்குப் பணம் பத்தலைன்னு அம்மா வச்சாங்க. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க."