அயினி மேசையும் திறக்காத இழுப்பறையும்

வீட்டிலேயே அலுவல் அறை அமைக்கவிருக்கும் தக்கலை நண்பர், என்னுடையதைப் போல அயினி மரத்தில் மேசை செய்துகொள்ளலாமா என்று சென்ற வாரம் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முந்தைய நாள்தான் ஆசாரி வந்து என் மேசையின் இழுப்பறையை மூன்றாம் முறையாகச் சீவிவிட்டுப் போயிருந்தார்.

குலசேகரம் பக்கத்து ரப்பர் வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். முன்பு வைத்திருந்த பார்ட்டிகிள் போர்டு மேசை, ஜன்னல் வழியே அடித்த சாரலில் ஓரம் ஊதி, மேல்தாள் உரிந்து, இரண்டே மழைக்காலத்தில் ஒழிந்தது. வள்ளம் கட்டும் மரமாகிய அயினிக்குச் சாரல் ஒரு பொருட்டல்ல; 4 ஆண்டுகளாகியும் மேற்பலகையில் ஒரு வளைவு இல்லை. ஆசாரி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, 28 அங்குல உயரத்தில் செய்து கொடுத்ததால், பழைய 30 அங்குல மேசையில் மாலைதோறும் வந்த தோள்வலியும் நின்றது.

ஆனால் அந்த இழுப்பறை! மரம் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது; ஈரத்தைக் குடித்தால் குறுக்குவாக்கில்தான் வீங்கும். பங்குனி வெயிலில் இம்மியும் இடைவெளியின்றிப் பொருத்திய முகப்புப் பலகை, ஆனி ஆடி மழையில் ஒருமுறையும் ஐப்பசி கார்த்திகை மழையில் மறுமுறையும் சட்டத்தோடு இறுகிக்கொள்கிறது. மெழுகுவத்தி தேய்த்தால் நான்கு நாள் தாங்கும். சீவினாலோ மாசியில் பேனா நுழையுமளவு சந்து விழுகிறது.

சென்ற ஆண்டு ஜூலை 20, மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான 3பி படிவத்துக்குக் கடைசி நாள். அதைத் தாக்கல் செய்யக் கணினியில் செருக வேண்டிய, ஒரு கம்பெனியின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இழுப்பறைக்குள்ளே கிடக்க, இழுத்த இழுப்பில் கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணத்தைவிட, வாடிக்கையாளரிடம் என்ன காரணம் சொல்வது என்ற கவலையே பெரிதாக இருந்தது. தோசைத் திருப்பியை விட்டு நெம்பி டோக்கனை எடுத்தபோது இரவு பத்து மணி.

அன்றிலிருந்து டோக்கன் சுவர் ஆணியில் தொங்குகிறது. அன்றாடம் வேண்டிய மற்றவையும் கைக்கெட்டும் தூரத்தில் மேசைமேலேயே இருக்கின்றன. தேடும் வேலை குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இவ்வாண்டு ஆடியில் இழுப்பறை மீண்டும் பிடித்துக்கொண்டபோது எனக்கு அதில் ஒரு காரியமும் இல்லை. வெறும் வீம்புக்குத்தான் ஆசாரியை அழைத்தேன். உள்ளே மை வறண்ட ஸ்டாம்ப் பேடும் கல்லாய் இறுகிய பசைக்குழாயும் இருந்தன.

மேசையை இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். அவர் ஆசாரியின் எண்ணைக் கேட்டார், கொடுத்தேன். இழுப்பறை மட்டும் வைக்காதீர்கள் என்றதற்கு, அப்படியானால் சில்லறைச் சாமான்களை எங்கே போடுவது என்கிறார்.