லூஸுக்கும் லூஸுக்கும் என்ன வித்தியாசம்? கேம்பிரிட்ஜ் அகராதித் தளம்: ஒரு மதிப்புரை

ஆங்கிலத்தில் எல்-ஓ-எஸ்-ஈ என்றால் தொலைப்பது, தோற்பது. நடுவில் இன்னொரு ஓ சேர்ந்தால் தளர்வானது, தொளதொளவென்று இருப்பது. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘லூஸ்’தான். எழுத்தில் காட்ட முடியாத வித்தியாசம் காதிலும் சுலபமாக நழுவிவிடுகிறது. இப்படிக் குழப்பும் சொற்களுக்கென்றே கேம்பிரிட்ஜ் அகராதித் தளத்தின் ‘கிராமர்’ பகுதிக்குள் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. இலவசம், விளம்பரங்களை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே சொற்களை ஜோடியாகவே எடுத்து விளக்குகிறார்கள். எது பெயர்ச்சொல், எது வினைச்சொல் என்று பிரித்துச் சொல்லி, எடுத்துக்காட்டும் தருகிறார்கள். ‘அட்வைஸ்’ பக்கத்தைப் பாருங்கள். சி போட்டு எழுதினால் பெயர்ச்சொல், எஸ் போட்டால் வினைச்சொல். பெயர்ச்சொல்லாக வரும்போது அதை எண்ண முடியாது. ‘ஒரு அறிவுரை’ என்று நாம் சொல்லும் பழக்கத்தில் ‘ஆன் அட்வைஸ்’ என்று எழுதிவிடுகிறோம். ‘சம் அட்வைஸ்’ அல்லது ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்பதே சரி.

பெரிய குறை, இந்த இலக்கணப் பக்கங்களில் ஒலி இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதிப் பக்கத்தைத் தனியாகத் திறந்து ஒலிபெருக்கிக் குறியைத் தட்ட வேண்டும். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகள் தனித்தனியே இருக்கும். ஏதாவது ஒன்றையே தொடர்ந்து கேளுங்கள். கேட்டதைச் சொல்லிப் பார்க்கும்போது தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். ஒற்றை ஓ லூஸின் முடிவில் வண்டு ரீங்கரிப்பது போல அதிர வேண்டும், ஊகாரமும் சற்று நீளும். இரட்டை ஓ வந்தால் முடிவில் அதிர்வு இல்லை, வெறும் காற்றுதான். ‘அட்வைஸ்’ ஜோடியிலும் இதே கதை: வினை அதிரும், பெயர் அதிராது. ஆனால் இதை விதியாக்கி ‘பிராக்டிஸ்’ மீது ஏற்றிவிடாதீர்கள். பிரிட்டிஷ் எழுத்துமுறையில் அதற்கும் சி, எஸ் வேறுபாடு உண்டு. ஒலி மட்டும் ஒன்றே, அதிர்வில்லாதது. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் சி-யே போடுகிறார்கள்.

‘லை’, ‘லே’ ஜோடியில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம், ‘லை’யின் இறந்தகாலமே ‘லே’. ‘லே’யின் இறந்தகாலம் ‘லெய்ட்’. தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு வசதி உண்டு, அதைத் தளம் சொல்லாது: முதலாவது ‘கிட’, இரண்டாவது ‘கிடத்து’. தன்வினை, பிறவினை, அவ்வளவுதான். ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ இரண்டையும் ‘எழு’, ‘எழுப்பு’ என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

விளக்கமெல்லாம் ஆங்கிலத்திலேயே இருப்பதால் அரிச்சுவடி நிலையில் உள்ளவருக்கு இது சரிப்படாது. சிறு வாக்கியங்களைத் தடுமாறாமல் வாசிப்பவருக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். நாளுக்கு ஒரு ஜோடி போதும். அகராதிப் பக்கத்தில் சொல்லின் உச்சரிப்பை எழுத்தில் காட்டும் ஒலிக்குறிப்பில் மேலே நிற்கும் சிறு செங்குத்துக் கோட்டை மட்டும் தவறவிடாதீர்கள். அதற்கு அடுத்து வரும் அசையைத்தான் அழுத்த வேண்டும். ஒற்றை எஸ் ‘டெசர்ட்’டில் முதல் அசையை அழுத்தினால் பாலைவனம், இரண்டாவதை அழுத்தினால் கைவிடுதல். உணவுக்குப் பின் வரும் இனிப்புக்கு எஸ் இரண்டு. ஒலி அந்தக் கைவிடுதலின் ஒலியேதான்.